அறுந்திருக்க வேண்டிய அழைப்பு

கதை எழுதத் துணிந்தமைக்காக வாசகர்களிடம் முதற்கண் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இதற்கு முன் நான் எழுதியவை தேர்வுத் தாள்களும் விண்ணப்பங்களும் மட்டுமே. அலைபேசிக் கோபுரத்தின் உறுப்புகள் ஒன்றோடொன்று எவ்வாறு இணைகின்றன என்பதை இக்கதையில் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. அதைப் படித்துத் தேர்ந்தவர்களுக்கு என் விளக்கம் குறையுடையதாகத் தோன்றலாம், மற்றவர்களுக்குச் சலிப்பூட்டலாம். இரு சாராரும் பொறுத்தருள வேண்டும். இன்னும் சில ஆண்டுகள் கழித்து நடப்பதாக இதைக் கற்பனை செய்திருக்கிறேன். அப்படி எதுவும் நடக்காமல் போனால் நானும் மகிழ்வேன்.

கோகிலாவின் வீட்டு வாசலில் காலணியைக் கழற்றும்போதே, என்ன சொல்லிவிட்டுத் திரும்புவது என்பதைத் தணிகைவேல் முடிவு செய்துவிட்டார். 'எங்கள் வலையமைப்பில் பழுது ஏதும் இல்லை. உங்களுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறோம்.' இந்த இரண்டு வாக்கியங்களுக்கு மேல் எதுவும் தேவைப்படாது. அதன்பின் கோகிலாவின் அலைபேசிக்கு வரும் ஓடிபி எண்ணைக் கேட்டு வாங்கித் தம்முடைய கருவியில் பதிந்துவிட்டால் புகார் மூடப்பட்டுவிடும். தணிகைவேல் பணிபுரிந்த நிறுவனத்தில் ஒரு புகார் தீர்ந்ததா என்று யாரும் கேட்பதில்லை. மூடப்பட்டதா என்றுதான் கேட்பார்கள்.

அவர் சேலம் அலுவலகத்தின் பொறியாளர். நெல்லிமலையும் அதன் அடிவாரத்துக் காரப்பட்டியும் அவருடைய பொறுப்பில் இருந்த பகுதிகள். மலையிலிருந்து அன்னாசி ஏற்றிவந்த பிக்கப் வண்டி எட்டாவது வளைவில் கவிழ்ந்து, ஓட்டுநர் அர்த்தநாரி இறந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. அவருடைய கடைசி அழைப்பில் ஏதோ கோளாறு என்று புகார் கொடுத்தவர் மனைவி கோகிலா.

"உள்ள வாங்க சார். மோர் கொண்டு வரட்டுங்களா?"

"வேண்டாம்மா. உங்க நம்பருக்கு இப்ப ஒரு ஓடிபி வந்திருக்கும். அதைக் கொஞ்சம் சொல்லுங்க."

விசாரணை தொடங்குவதற்கான எண் என்று கோகிலா நினைத்துக்கொண்டார் போலும். நான்கு இலக்கங்களையும் நிறுத்தி நிறுத்தி, தப்பாகிவிடக் கூடாதே என்ற கவனத்துடன் படித்தார். தணிகைவேல் பதிந்துகொண்டார். 'மூடுக' என்ற பச்சைப் பொத்தான் திரையில் தயாராக நின்றது.

"அவரு கடைசியாப் பேசின பதிவ நீங்க கேட்டுட்டீங்களா சார்? ஊர் வாட்ஸப்புல எல்லாருக்கும் போச்சுங்க. எனக்கும் வந்துச்சு."

அவர் பதில் சொல்வதற்குள் கோகிலா பதிவை ஓடவிட்டார். ஓடவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அது அர்த்தநாரியின் அலைபேசி தானாகவே பதிவு செய்து வைத்திருந்த உரையாடல். அவருடைய அண்ணன் சென்னியப்பன் அதை உடலுக்கருகில் கிடந்த போனிலிருந்து, வண்டி கவிழ்ந்ததற்குப் பிந்திய பேச்சை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்.

"கோகிலா... வண்டி கவுந்துருச்சு புள்ள. காலு மாட்டிக்கிச்சு. எட்டாவது வளைவுக்குக் கீழ. அண்ணங்கிட்டச் சொல்லு."

"பயப்படாதீங்க. மாமாகிட்டச் சொல்லிட்டேங்க. கெளம்பிட்டாங்க."

"ரத்தம் போயிட்டே இருக்கு."

"சரிங்க. வந்துட்டே இருக்காங்க. பேசிக்கிட்டே இருங்க."

முக்கால் மணி நேரத்துக்கு இதே போலத்தான் போயிற்று. அர்த்தநாரியின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. மனைவியின் குரலோ முதலில் இருந்த தெளிவோடும் பரிவோடும் கடைசிவரை நின்றது. "பேசிக்கிட்டே இருங்க" என்று அது கேட்டுக்கொண்டபோது மறுமுனையில் பேச ஆள் இல்லை.

"நான் இப்படிச் சொல்லவே இல்லீங்க சார்," என்றார் கோகிலா சுவரைப் பார்த்தபடி. "அன்னைக்கு அவர் எங்கிட்ட நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தாரு. வண்டி வந்துக்கிட்டிருக்குன்னுதான் நெனச்சேன். நான் சொன்னா யாரு நம்பறாங்க? என் குரலே எனக்கு எதிரா சாட்சி சொல்லுது. கட்டுனவன சாக விட்டுட்டு வூட்ல உக்காந்திருந்தவன்னு சொல்லி மூத்தவர் எம்புள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டாருங்க. அஞ்சு வயசு. அடுத்த தெருவுலதான் இருக்கா. என்னையக் கண்டா உள்ள ஓடிப்போற மாதிரி பழக்கி வெச்சிருக்காங்க."

தணிகைவேல் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். இரு வார்த்தைகளுக்கு நடுவே ஒரு மனிதர் மூச்சு வாங்கும் ஒலி அந்தப் பெண் குரலில் எங்குமே இல்லை என்பது அவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. மிகுதியையும் அவர் அறிவார். "பேசிக்கிட்டே இருங்க" என்ற வாக்கியம் கோகிலாவுடையது அன்று. அது சேலம் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், தேநீர் குடித்துக்கொண்டே, நான்கைந்து பேர் கலந்து பேசிச் சேர்த்த வாக்கியம். அந்த நான்கைந்து பேரில் அவரும் ஒருவர்.

அந்த ஏற்பாட்டுக்கு நிறுவனம் வைத்த பெயர் 'தொடர்குரல்'. மலைப்பாதைகளில் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். விழுங்கப்பட்ட எழுத்தை, பேசுபவரின் குரலிலேயே ஊகித்து நிரப்புவதற்காக அது வந்தது. ஒரு மூச்சு நேரத்துக்கு மேல் நிரப்பக் கூடாது என்று வரம்பும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பெரிய திரையில் கோபுரங்களின் பட்டியல் ஓடும். அழைப்புகள் அதிகம் அறுந்த கோபுரம் சிவப்பாகவும் மற்றவை பச்சையாகவும் தெரியும். நெல்லிமலை விடாமல் சிவப்பாகவே இருந்தது. பச்சை வைத்திருந்தவர்கள் சிவப்பு வைத்திருந்தவர்களைப் பார்க்கும் பார்வை ஒன்று உண்டு. அதைத் தாங்க மாட்டாமல் தணிகைவேல் ஒரு நாள் அந்த வரம்பை எடுத்துவிட்டார். குரல் நின்றால்தானே அழைப்பு அறும்? நிற்காமல் இருந்தால் அறவே அறாது. மறு திங்களன்று நெல்லிமலை பச்சையாக ஒளிர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவருக்கு ஒரு கேடயமும் கிடைத்தது. அதை வீட்டில் தொலைக்காட்சிக்கு அருகில், வருபவர் கண்ணில் படுமாறு வைத்திருந்தார்.

"அம்மா," என்றார். "இதுல பேசறது நீங்க இல்ல."

"அதத்தான் சார் நானும் சொல்லிக்கிட்டிருக்கேன்."

அந்தப் பதிலில் குத்தல் எதுவும் இல்லை. அதனாலேயே அது அவரை அதிகமாகக் குத்தியது. அவர் தலைகுனிந்துகொண்டே தொடர்குரல் என்பது என்ன, அதன் வரம்பை எடுத்தது யார் என்ற இரண்டையும் சொல்லி முடித்தார். கையில் இருந்த கருவியின் திரை இருண்டு, ஓடிபி எண் காலாவதியாகிவிட்டதாக அறிவித்தது. அவர் அதைப் பையில் போட்டுக்கொண்டார்.

கோகிலா, "இத எங்கிட்டச் சொல்லி என்ன சார் ஆகப்போவுது? மூத்தவர்கிட்ட வந்து சொல்லுங்க," என்று எழுந்து நின்றார்.

சென்னியப்பன் பால் சொசைட்டியில் இருந்தார். பால் ஊற்ற வந்தவர்கள் கேனும் கையுமாகச் சுற்றி நின்றார்கள். கோகிலாவைக் கண்டதும் ஒருவர் பின் ஒருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தணிகைவேல் சொன்னதை எல்லாம் சென்னியப்பன் குறுக்கிடாமல் கேட்டார்.

"மிஷின் பேசிருச்சுங்கறீங்க."

"ஆமாங்க."

"எஞ்சினீயரே, இதச் சொல்றதுக்கு நீங்க சேலத்துலருந்து பெட்ரோல் போட்டுக்கிட்டு வரணுமா? இத்தன நாளா இவ இதத்தான சொல்றா!"

கூட்டம் சிரித்தது. "எங்கூட்டு மிக்ஸியுந்தான் பேசுது. சட்னி போதுமான்னு கேக்குது," என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

"நீங்க நம்ப வேண்டாம்," என்றார் தணிகைவேல். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "டவர் வரைக்கும் எங்கூட வாங்க. கண்ணால பாருங்க. அப்பறமும் நம்பலைன்னா என்னை எது வேணும்னாலும் சொல்லுங்க."

சென்னியப்பன் ஜீப்பில் முன்னால் ஏறிக்கொண்டார். கோகிலா பின்னால் உட்கார்ந்தார். வழிநெடுகச் சென்னியப்பன் கழுத்தைத் திருப்பவில்லை. எட்டாவது வளைவில் இடிந்த தடுப்புச் சுவரைப் புதுச் சிமெண்ட்டால் பூசியிருந்தார்கள். அதைத் தாண்டும்வரை மூவரும் எதிரே தெரிந்த சாலையை மட்டுமே பார்த்தார்கள்.

கோபுரம் பதின்மூன்றாவது வளைவுக்கு மேல், பலாமரங்களுக்கு நடுவே நின்றது. கம்பிவேலிக் கதவைத் திறந்து தணிகைவேல் அவர்களை உள்ளே அழைத்துச் சென்றார்.

"உச்சியில நீட்டுநீட்டமா நிக்குது பாருங்க, அதுதான் ஆண்டெனா. உங்க போன் பேசறது முதல்ல அதோடதான். அது வாங்கின பேச்சு இந்தக் கேபிள் வழியா இறங்கி இந்தப் பெட்டிக்கு வரும். பெட்டி அதைக் கட்டி, அதோ நடுவுல முரசு மாதிரி வட்டமா இருக்கே, அந்தத் தட்டுக்கு அனுப்பும். அந்தத் தட்டு கீழ ராசிபுரத்து டவர்ல இருக்கற இன்னொரு தட்டை நேருக்கு நேர் பாத்துக்கிட்டிருக்கணும். அங்கிருந்து தரைக்கடியில போற இழை வழியா சேலம் எக்ஸ்சேஞ்சுக்குப் போகும். எக்ஸ்சேஞ்சுதான் எந்த வீட்டுக்குன்னு பாத்து மறுபடி இன்னொரு டவருக்கு அனுப்பும்."

"அன்னைக்கு எதுங்க கெட்டுச்சு?" என்றார் சென்னியப்பன்.

"காத்துல தட்டு கொஞ்சம் திரும்பிருச்சு. அவ்வளவுதான். கீழ இருக்கறதை இது பாக்கல. இந்த மலைக்கும் ஊருக்கும் நடுவுல ஒரு வார்த்தை கூடப் போகல. அது வரைக்கும் கேட்ட குரலை வெச்சு இந்தப் பெட்டியே பேசிருச்சு."

"அப்பறம் எப்படி என் தம்பி போன்ல டவர் காட்டுச்சு?"

"ஆண்டெனா நல்லா இருக்கே! போன் அது வரைக்கும்தான் பாக்கும். அதுக்கு மேல என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது. நீங்க இப்ப உங்க வீட்டுக்கு ஒரு போன் போடுங்க."

சென்னியப்பன் மனைவியை அழைத்து ஒலிபெருக்கியை இயக்கினார்.

"என்னங்க? பாலூத்தப் போன ஆளு எங்க போனீங்க? சொசைட்டில இல்லைங்கறாங்க. மாட்டுக்குத் தவுடு யாரு வாங்குவா, உங்கப்பனா?" என்று சரோஜாவின் குரல் பலாமரங்கள் வரை கேட்டது.

தணிகைவேல் பெட்டியைத் திறந்து, தட்டுக்குப் போகும் கேபிளைத் திருகிக் கழற்றி, அதன் நுனியைச் சென்னியப்பனின் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினார். "இப்ப மலைக்கும் ஊருக்கும் நடுவுல எதுவும் இல்ல. பேசுங்க."

சென்னியப்பன் கேபிளைப் பார்த்தார். போனைப் பார்த்தார். சிக்னல் கோடுகள் நிறைவாக நின்றன. "சரோசா... இருக்கியா?"

"இருக்கேங்க. சொல்லுங்க."

அவர் சற்று யோசித்தார். "செவல மாட்ட வித்துட்டேன்."

"சரிங்க. நல்லதுங்க."

"கன்னுக்குட்டியையும் சேத்து."

"நீங்க செஞ்சா சரியாத்தாங்க இருக்கும்."

சென்னியப்பனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "எம்பொண்டாட்டி இப்படிச் சொல்ல மாட்டா. செவல மேல கைய வெச்சா என்னைய வெட்டிப் போட்டுருவா," என்றார். மறுகணம் அந்தச் சிரிப்பு அவர் முகத்திலேயே உறைந்துபோயிற்று. போன் அவர் கையில் அதே பரிவோடு, "பேசிக்கிட்டே இருங்க," என்றது.

"அதுக்குக் கோபப்படத் தெரியாது. எதையும் மறுக்கவும் மறுக்காது," என்றார் தணிகைவேல் மெல்லிய குரலில். "கோபத்தோட பேசினா எதிர்ல இருக்கறவங்க வெச்சிடுவாங்க. வெச்சிட்டா எங்க கணக்கு கெட்டுப்போகும். அதனால எல்லார் குரல்லயும் கோபத்தைக் கழிச்சுட்டோம்."

சென்னியப்பன் அழைப்பைத் துண்டித்தார். கோபுரத்தின் அடியில் ஓடிய ஜெனரேட்டர் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது.

"சார்." முதல் தடவையாக அப்படி அழைத்தார். "அன்னைக்கு லைன் அறுந்திருந்தா?"

இந்தக் கேள்வி வரும் என்று தணிகைவேல் மலையேறும்போதே அஞ்சியிருந்தார்.

"தட்டு திரும்பினா இந்தப் பெட்டி தன்னை அணைச்சுக்கணும். அதுதான் முறை. அணைஞ்சா போன் வேற டவரைத் தேடும். எதிர் மலையில ஒண்ணு இருக்கு. குரல் சரியா கேக்காது, ஆனா கெடைக்கும். அழைப்பு ஓடிக்கிட்டிருக்கும்போது பெட்டியால அணைய முடியல. நான்தான் அப்படி வெச்சேன். அதனால போனும் வேற எங்கயும் தேடல."

"அறுந்திருந்தா அவன் எனக்குப் போட்டிருப்பான்."

"ஆமாங்க."

"ஒம்பதாவது வளைவுல டீக்கடை இருக்குதுங்க. கத்தியிருந்தாக்கூடக் கேட்டிருக்கும். ஆரன் அடிச்சிருக்கலாம். ஆளு வருதுன்னு நம்பிக்கிட்டு..." அவர் முடிக்கவில்லை. ஜீப்பின் முன்பக்கத்தில் இரு கைகளையும் ஊன்றிக்கொண்டு, அந்த இரும்பைப் பார்த்தே பேசினார். "கோகிலா, தாரணிய இன்னைக்கே கூட்டிட்டுப் போயிரும்மா. சொசைட்டில எல்லார்கிட்டயும் நானே சொல்றேன். அந்தப் பதிவ அனுப்பினது நான்தான். நானே சொல்றேன்."

கோகிலா தலையசைத்தார். கண்ணீர் வரவில்லை. மகளைப் பற்றி ஏதோ கேட்கப் போகிறார் என்று தணிகைவேல் எதிர்பார்த்தார். ஆனால் கோகிலா தொங்கிக்கொண்டிருந்த கேபிள் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார். மலையில அவருகிட்டப் பேசினது நான் இல்லீங்க. அப்ப ஊருல எங்கிட்டப் பேசினது?"

தணிகைவேல் கீழே ராசிபுரத்துப் பக்கம் பார்த்தார். அங்கிருந்த கோபுரத்திலும் இதே தொடர்குரல்தான் இருந்தது.

"கோவப்படத் தெரியாதுன்னு சொன்னீங்களே, அதான் கேக்கறேன்." கோகிலா சென்னியப்பன் இருப்பதையும் மறந்தவராகப் பேசினார். "அன்னைக்கு அவர் கோவப்படவே இல்லீங்க. லேப் டெக்னீசியன் படிப்பு படிக்கட்டுமான்னு ரெண்டு வருசமாக் கேட்டுக்கிட்டிருந்தேன். கேக்கறப்பல்லாம் வைவாரு. அன்னைக்கும் பயந்துக்கிட்டேதான் கேட்டேன். 'படி புள்ள, தாரணிய நான் பாத்துக்கறேன்'னாரு. 'உன்னைய நான் ரொம்ப வஞ்சுட்டேன், மனசுல வெச்சுக்காத'ன்னாரு. கல்யாணம் ஆன நாள்லருந்து அவர் அப்படிப் பேசினதில்லீங்க. ஊரே என்னையத் துப்பினப்பக்கூட அத வெளிய சொல்லல சார். அது எனக்குன்னு வெச்சிருந்தேன்."

பொய் சொல்லிவிடலாம் என்று தணிகைவேலுக்குத் தோன்றியது. அது எளிது. 'அது அவர்தானம்மா' என்று இரண்டு சொற்கள் போதும். யாராலும் சரிபார்க்க முடியாது. ஆனால் இந்தப் பெண்ணிடம் இதமாக ஒன்றைச் சொல்லி, அவர் கேட்க விரும்புவதையே அவருக்குக் கொடுத்து, பேச்சு அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது எதன் வேலை என்பது உடனே நினைவுக்கு வந்தது. அவர் கூசிப்போனார்.

"அன்னைக்கு முதல்ல என்ன பேசினார்மா?"

"முதல்ல, வண்டி ஓட்டிக்கிட்டே பேசினப்ப, ஒண்ணுமே சரியா கேக்கலீங்க. ஒரே இரைச்சல். அன்னாசி பாதி அழுகிப்போச்சுன்னு கத்தினாரு. சோத்துல தண்ணி ஊத்தி வெச்சிராத, வந்து சாப்பிடறேன்னாரு. எனக்குக் காதுல விழலைன்னு சொன்னதுக்கு, செவிடான்னு வஞ்சாரு. அதுக்கப்பறம் நல்லாத் தெளிவாக் கேட்டுச்சு."

தணிகைவேல் கேபிளைக் கீழே வைத்தார். கைகள் இரண்டும் எங்கே இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.

"தெளிவாக் கேட்டதெல்லாம் நாங்கம்மா," என்றார்.

பிற்பாடு நடந்தவற்றை நீட்டி வாசகர்களின் பொறுமையைச் சோதிக்க விரும்பவில்லை. நிறுவனம் தொடர்குரலுக்குப் பழைய வரம்பை மீண்டும் வைத்தது, நெல்லிமலைக் கோபுரத்தில் மட்டும். அந்தக் கோபுரம் இப்போது திங்கட்கிழமைதோறும் சிவப்பாகத் தெரிகிறது. தாரணி தாயிடம் திரும்பினாள். ஆனால் சில நாட்கள் வரை அம்மா கிட்டே வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

இழந்தவற்றைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். அர்த்தநாரியின் உயிர். ஒரு குழந்தை தாயோடு இருந்திருக்க வேண்டிய மூன்று மாதங்கள். தம்பி மனைவியின் முகத்தை நேராகப் பார்க்கச் சென்னியப்பனுக்கு இருந்த உரிமை. கோகிலாவிடம் அவர் கணவர் கேட்ட மன்னிப்பு, கொடுத்த சம்மதம். தணிகைவேலின் வேலையும் போயிற்று. அதை இவற்றோடு சேர்த்து எண்ணுவது முறையாகாது.